சாவிப்பெட்டியில் சாவி இல்லை

பால் மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறேன். கற்பூரம் கூடாது, ஊதுபத்தி கூடாது, ஹோமம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது, பால் பொங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள். சாமி காரியத்தில் தலையாட்டுகிறவர்களை நம்பவே கூடாது, உள்ளே போனதும் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். துளசிமணியம்மா கொண்டுபோன கட்டைப்பை பாலுக்கும் சொம்புக்கும் ஆனதுபோல் இல்லை, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியேறினார். நான் காருக்குள் உட்கார்ந்திருக்கிறேன். ஹீட்டர் காலுக்குச் சூடு தருகிறது, முதுகுக்குத் தரவில்லை. இன்னும் விடியவில்லை, டிசம்பரில் இந்த நியூஜெர்சிக்கு விடியவே மனசு வராது. தெரு முழுக்க இருட்டு, அந்த வீட்டின் அடுக்களை ஜன்னல் மட்டும் மஞ்சளாக எரிகிறது. அடுக்களை விளக்கை மட்டும் போடுங்கள் என்று சொன்னேன், அதையாவது கேட்டிருக்கிறார்கள். ஜன்னலில் ஒரு தலை வருகிறது, போகிறது. மருமகள் மைதிலியா, மாமியார் துளசிமணியம்மாவா என்று தெரியவில்லை. இது இன்னும் அவர்கள் வீடு இல்லை. இதைத்தான் எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மகளோடு இருக்கப் போய்விட்ட ஒரு கிழவருடைய வீடு இது. நாளை மறுநாள் பத்திரம் கையெழுத்தாகும் வரை இந்த அடுப்பு அவருடையது, அதில் எரியும் கேஸ் அவருடையது, அந்த ஜன்னல் வெளிச்சமும் அவருடையது. அதற்குள் வீட்டு ஏஜெண்டான என் தைரியத்தில் மூன்று பேர் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். தைரியம் என்று சொன்னால் சிரிப்பு வருகிறது.

கையெழுத்து திங்கட்கிழமையே ஆகியிருக்க வேண்டியது. பேங்கில் ஏதோ ஒரு தாள் வரவில்லை என்று தள்ளிவைத்தார்கள். நாளைக்கு மார்கழி பிறக்கிறது. மார்கழியில் யார் புதுவீட்டில் பால் காய்ச்சுவார்கள்? தைக்குக் காத்திருக்கலாம் என்றால் துளசிமணியம்மாவுக்கு இந்த மாசக் கடைசியில் விமானம், அதற்கு மேல் இங்கே தங்க விசாவில் இடமில்லை. "ஒத்தப் பையனுங்க அம்மிணி. அவன் கட்டற வீட்டுல நான் பால் காய்ச்சாம ஊருக்குப் போனா என் மனசு கேக்காதுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டவில்லை, வாங்குகிறான் என்று நான் திருத்தவில்லை. அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. நான் கோவில்பட்டிக்காரி, எனக்கு இந்தக் கோயம்புத்தூர்ப் பேச்சைக் கேட்டாலே பாதி உருகிவிடும், மீதி பாதியை அந்தக் கை உருக்கிவிட்டது. நேற்று சாயங்காலம் கடைசியாக வீட்டைச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போனேன், அது முறைப்படி அனுமதி வாங்கிய வேலைதான். கதவுப்பிடியில் தொங்கும் சாவிப்பெட்டியை என் போனால் திறந்தேன், சாவியை எடுத்தேன், பார்த்து முடித்ததும் கதவைப் பூட்டினேன். பிறகு வெறும் பெட்டியை மூடிவிட்டுச் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான். விரல்களுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. ராத்திரி முழுக்கக் கோட்டு ஆணியில் தொங்கியது, நான் புரண்டு புரண்டு படுத்தேன். ஜெகதீசன், என் வீட்டுக்காரர், "என்னத்துக்கு இந்த வம்பு, ஒரு சொம்புப் பாலுக்கு?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப் போனார்.

சரி, கூடவே உள்ளே போயிருக்கலாம். அதுவும் விதிதான், வாங்குகிறவர்களைத் தனியே உள்ளே விடக் கூடாது, ஏஜெண்ட் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு இன்று விலக்கு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது, என் வீட்டில் இந்த நாளிலும் விளக்கேற்றுகிறேன். ஆனால் அவர்களுக்கு நம்பிக்கை இருக்கிறதே. துளசிமணியம்மா கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன், அவர் கேட்கவில்லை. கேட்காதவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. "நீங்க போங்க, நான் கார்ல இருக்கேன்" என்று சாவியை அவர் மகன் பூபாலன் கையில் கொடுத்துவிட்டேன். ஒரு விதியை மீறியது அவர்கள் நாளுக்காக, இன்னொன்றை மீறியது என் நாளுக்காக. நாளைக்கு லைசென்ஸ் விசாரணை என்று வந்தால் இதை எப்படிச் சொல்வது? எதிரே மேஜைக்குப் பின்னால் டை கட்டிய இரண்டு பேர், அவர்களிடம் மார்கழியையும் மாதவிலக்கையும் எந்த இங்கிலீஷில் சொல்வது? ஜன்னலில் ஏதோ மினுங்குகிறது. கற்பூரமா? இல்லை, மைதிலியின் போன். படம் எடுக்கிறாள். ஐயோ, படம் எடுக்காதே என்று சொல்ல மறந்துவிட்டேன். நாளெல்லாம் ஊரிலுள்ள அத்தனை சொந்தத்துக்கும் அந்தப் படம் போய்க்கொண்டிருக்கும், பால் பொங்கும் பாத்திரம், பின்னால் கிழவரின் சுவர், கீழே தேதி.

இந்த ஏஜெண்ட் லைசென்ஸுக்கு நான் பட்ட பாடு. முதல் தடவை பரீட்சையில் தோற்றேன், இரண்டாவது தடவையும் தோற்றேன். கணக்கில் இல்லை, சட்டத்தில் இல்லை, மனிதர்கள் வரும் கேள்விகளில் தோற்றேன். இந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்களா என்று வாங்க வந்தவர் கேட்கிறார், நீ என்ன சொல்வாய்? இருக்கிறார்கள், கவலைப்படாதீர்கள் என்று நான் எழுதினேன். தப்பு. யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஏஜெண்ட் வாயே திறக்கக் கூடாது. கிழவி ஒருத்தி விற்க வருகிறாள், அவசரமாகப் பணம் வேண்டும் என்கிறாள், வாங்குகிறவரிடம் சொல்வாயா? சொன்னால்தானே அவள் காரியம் சீக்கிரம் முடியும்? அதுவும் தப்பு. மூன்றாம் தடவை போகும்போது எனக்கு ஒரு சூட்சுமம் பிடிபட்டது, நாலு விடையில் நல்ல மனுஷி எதைச் செய்வாளோ அதைத் தொடாதே. பாஸ் ஆனேன். பிறகு கைரேகை. மெஷின் என் விரலைப் படிக்கவே மாட்டேன் என்றது. அந்தப் பெண் என் விரல்களைத் துடைத்தாள், எண்ணெய் தடவினாள், அழுத்தினாள், "நிறைய வீட்டு வேலை செய்வீர்களா?" என்று கேட்டாள். வேலை செய்ய அனுமதி இல்லாமல் இந்த நாட்டில் பல வருஷம் வீட்டிலேயே இருந்தேன், பாத்திரம் தேய்த்தேன், பாத்திரம் பதிலுக்கு என்னைத் தேய்த்தது. ஜெகதீசனின் விசாவில் நான் தொங்கினேன். அனுமதி வந்ததும் இனி யாரிலும் தொங்க வேண்டாம் என்று நினைத்தேன். இந்த லைசென்ஸ் தனியாக நிற்காதாம், ஒரு புரோக்கரின் கீழ்தான் அதற்கு உயிர். என் புரோக்கர் டோனாவின் ஆபீஸ் சுவரில் என் லைசென்ஸ் சட்டம் போட்டுத் தொங்குகிறது, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்வேன். டோனா கழற்றினால் அன்றோடு சரி. அவள் நல்லவள்தான். "எது செய்தாலும் எனக்கு முதலில் சொல், பிறகு தெரியவந்தால் மட்டும் நான் உனக்கு உதவ மாட்டேன்" என்று சேர்ந்த அன்றே சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது. மாடியில். இப்போதுதான் எரிந்ததா, முன்பே எரிந்ததா? திரை விலகினதுபோல் இருந்தது. சீட்டில் இறங்கி உட்காருகிறேன், உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, புகை பின்னால் வெள்ளையாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒளிந்துகொள்கிறவள் எஞ்சினையாவது அணைக்க வேண்டாமா. அணைக்கிறேன். உடனே குளிர் வந்து ஏறுகிறது. யாராவது ஒருத்தி கதவைத் திறந்து குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள், நின்று பார்ப்பாள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, லைசென்ஸ் தரும் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் யார் யாருக்கு லைசென்ஸ் போயிற்று என்று போடுவார்களே, அதைத் தவறாமல் படிப்பேன். சாவு அறிவிப்பைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்களில்லையா, அப்படி. ஒருத்தன் அட்வான்ஸ் பணத்தைத் தன் கணக்கில் போட்டான், ஒருத்தி லைசென்ஸைப் புதுப்பிக்கும் கோர்ஸுக்குப் போகாமலே போனதாக எழுதினாள், இன்னொருத்தன் பூட்டிய வீட்டில் தன் நண்பனைத் தங்கவைத்தான். அந்தக் கடைசி ஆளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, எவ்வளவு பெரிய முட்டாள் என்று. பெயரைத் தலைகீழாகப் போடுவார்கள், குடும்பப் பெயர் முதலில். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைப் போட்டு வைத்தது அப்படியே என்னோடு இங்கே வந்துவிட்டது. ஆகவே அந்தப் பக்கத்தில் நான் செண்பகவல்லியாக வர மாட்டேன். அருணாசலம் என்று தொடங்கும். ஆயுசு முழுக்கப் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து, ஒருநாளும் ஒரு புகாருக்கு ஆளாகாத என் அப்பா பெயர் முதலில் வரும், கமா போட்டுப் பின்னால் நான். அப்பா என் லைசென்ஸ் படத்தைப் பிரிண்ட் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். எனக்கு அழுகை வருகிறது, அதைவிட அதிகமாகக் கோபம் வருகிறது, யார் மீது என்றுதான் தெரியவில்லை.

இன்னும் பொங்கவில்லையா? எவ்வளவு பாலை ஊற்றினார்கள்? தீயைக் குறைத்து வைத்திருப்பார்கள், நிதானமாகப் பொங்க வேண்டுமாம், எந்தத் திசையில் வழிகிறது என்று பார்க்க வேண்டுமாம். வழியட்டும், கிழவரின் அடுப்பில் வழிந்து கருகட்டும், நாளை மறுநாள் காலையில் விற்பவரின் ஏஜெண்ட் வந்து முகர்ந்து பார்க்கட்டும். பூபாலனிடம் சொன்னால் துடைத்துவிடுவான், பொறுப்பான பையன். பையன் என்கிறேன், முப்பதைத் தாண்டியவன். வீடு பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அவன் கேட்காத கேள்வி இல்லை, கூரைக்கு எவ்வளவு வயது, அடித்தளத்தில் ஈரம் ஏன், தண்ணீர்க் குழாய் செம்பா பிளாஸ்டிக்கா என்று என் உயிரை எடுத்தான். நேற்று ஒன்றுமே கேட்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தான், கதவுகளைத் திறந்து மூடினான், அவ்வளவுதான். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒன்று மட்டும் கேட்டான், ஆமாம், ஒன்று கேட்டான். "பேங்க்ல இனிமே ஏதாச்சும் கேப்பாங்களாக்கா?" கேட்கமாட்டார்கள், எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். படியிறங்கும்போது திரும்பவும் கேட்டான். அதே கேள்வி. இனிமேல் கேட்பார்களா. இதுவரை பேங்கைப் பற்றி அவன் கவலைப்பட்டதில்லையே. போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்றுதான் மெசேஜ் வரும், போன வாரத்திலிருந்து முதல் மணியிலேயே எடுக்கிறான், பட்டப்பகலில், பின்னால் வீட்டு டிவி சத்தம் கேட்கிறது. லீவு போட்டிருக்கிறான் போல. எதற்கு லீவு? கழுத்தில் எப்போதும் தொங்கும் கம்பெனி அட்டையும் நேற்று இல்லை. சாயங்காலம்தானே, கழற்றியிருப்பான். ஆனால் அவன் அதைக் கழற்ற மாட்டான், எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோதுகூட மாட்டிக்கொண்டு வந்தான், ஜெகதீசன் கேலி செய்தார். இதையெல்லாம் நான் நேற்றே பார்த்தேன். பார்த்தும் ஒன்றோடொன்று சேர்க்காமல் விட்டேன், ஏனென்றால் அப்போது என் கவனமெல்லாம் ஒரு சாவியின் மேல் இருந்தது.

கதவு திறக்கிறது. ஒரே ஒரு ஆள் வருகிறான், கோட்டு கூடப் போடவில்லை. பூபாலன்தான். பால் பொங்கிவிட்டது என்று சொல்ல வருகிறான், வேறொன்றும் இல்லை, சாவியைக் கொடுப்பான், நான் பெட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். அவன் என் பக்கம் வராமல் சுற்றிப்போய் மற்றக் கதவைத் திறக்கிறான். "ஒரு நிமிஷம் உக்காந்துக்கலாங்களாக்கா?" உட்கார்கிறான். சட்டையில் பால் வாசனை, அதோடு கற்பூர வாசனையும். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "எனக்கு வேலை போயிருச்சுங்கக்கா" என்கிறான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. "போன வெள்ளிக்கிழமை. மைதிலிக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. காலைலதான் பேங்க்ல இருந்து கம்பெனிக்குக் கூப்பிட்டு, இந்த ஆள் வேலைல இருக்காரான்னு விசாரிச்சாங்க, இருக்காருன்னுட்டாங்க. மத்தியானம் எங்க டீம் மொத்தத்தையும் கூப்பிட்டு அனுப்பிட்டாங்க." என் பக்கம் திரும்புகிறான். "இனிமே பேங்க் கேக்காதுன்னு நீங்களே சொன்னீங்க. அந்த லோன் ஆபீசர் எதுன்னாலும் உங்களைத்தானுங்க கூப்பிடறாரு. இன்னைக்குக் கூப்பிட்டா எல்லாம் சரியா இருக்குதுன்னு மட்டும் சொல்லிருங்க. கையெழுத்து ஆயிட்டா அப்புறம் நான் வேலை தேடிக்கறேன். அம்மா சந்தோஷமா ஊருக்குப் போயிரட்டும்." என் குரல் எங்கிருந்தோ வருகிறது. "தம்பி, அது லோன்ல பொய் சொல்றது. லைசென்ஸ் போறதோட நிக்காது, கோர்ட்டு ஜெயில்னு போகும், உனக்கும் எனக்கும். இன்னைக்கே நீயே பேங்குக்குச் சொல்லிரு." அவன் தலையாட்டுகிறான், மெதுவாக, நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டதுபோல. பிறகு சொல்கிறான். "நீங்களும் எங்களுக்காக ரூல்ஸ் பாக்காமத்தானுங்க சாவி குடுத்தீங்க. இதையும் அதே மாதிரி நெனச்சுக்கங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டனுங்க."

சொல்ல மாட்டான். நான் சொல்லச் சொல்லிக் கேட்கவும் இல்லை, சொல்லாதே என்று கெஞ்சவும் இல்லை, அதற்குள் சொல்ல மாட்டேன் என்கிறான். அவன் குரலில் மிரட்டல் இல்லை, கண்ணில் தண்ணீர்கூட நிற்கிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மிரட்டினால் திட்டிவிடலாம். இவன் என்னைத் தன் ஆளாக்கிக்கொண்டுவிட்டான், நேற்று நான் பையில் போட்டுக்கொண்ட சாவிக்கு இன்று அவன் கணக்கில் ஒரு இடம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் மைதிலியின் போனில் இருக்கும் படம் பேசும். சொல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க அவன் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பரீட்சையில் இந்தக் கேள்வி வரவில்லை. வந்திருந்தால் எதைத் தொடக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்கும். அவன் இறங்கிப் போய் நடைபாதையில் நிற்கிறான், உள்ளே போகவில்லை. இப்போது துளசிமணியம்மா வருகிறார், கையில் டம்ளர், ஆவி பறக்கிறது, செருப்புப் போடாமல் அந்த உறைந்த தரையில் வருகிறார். கண்ணாடியை இறக்குகிறேன். "கெழக்கால பொங்குச்சுங்க அம்மிணி! மொதல்ல உங்களுக்குத்தான். நீங்க இல்லீன்னா இது நடக்குமுங்களா?" டம்ளர் என் கையைச் சுடுகிறது. "உள்ள வராம இங்கயே உக்காந்துட்டீங்களே. எனக்குப் புரிஞ்சுதுங்க. நானும் பொம்பளதானுங்களே" என்று குனிந்து ரகசியமாகச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறிக்கிறார். "வாசல்ல நாலு புள்ளி வெச்சுட்டு வந்தர்றனுங்க" என்று திரும்பிப் போகிறார்.

போன் அடிக்கிறது. டோனா. இவ்வளவு காலையில் டோனா. பக்கத்து வீட்டு மாடியைப் பார்க்கிறேன், திரை நன்றாகவே விலகியிருக்கிறது, ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள். எடுக்கிறேன். டோனாவின் குரலில் தூக்கம் இல்லை. அந்த வீட்டில் விளக்கு எரிகிறதாம், ஆட்கள் நடமாடுகிறார்களாம், பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நட்ட விற்பனைப் பலகையில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டாளாம், விற்பவரின் ஏஜெண்ட் இப்போதுதான் டோனாவைக் கூப்பிட்டானாம். "உனக்கு ஏதாவது தெரியுமா?" தெரியாது என்று சொல்லலாம். பூபாலன் கூப்பிட்டான், குழாய் உடைந்ததாகச் சந்தேகம், பார்க்க வந்தோம் என்று சொல்லலாம், டிசம்பரில் எல்லோரும் நம்புவார்கள். அவன் நடைபாதையில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பொய்யைச் சொன்னால் அதையும் அவனிடம்தான் ஒப்படைக்க வேண்டும், சாவியைக் கொடுத்ததுபோல. பால் ஒரு மடக்குக் குடிக்கிறேன், நாக்கு வெந்துபோகிறது, அடிப்பிடித்த வாசனை. "நான்தான் டோனா" என்கிறேன். நேற்று சாவியைத் திருப்பி வைக்கவில்லை, ராத்திரி என் வீட்டில் வைத்திருந்தேன், இன்று அவர்களைத் தனியே உள்ளே விட்டேன், அடுப்பு பற்றவைத்தார்கள், நான் கூட இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். மார்கழி என்று ஒரு மாதம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை, அது என் பக்கத்துக்கு வாதாடுவதுபோல ஆகிவிடும். சுவரில் ஒரு சட்டத்தை டோனா மனசுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அப்பா, உங்கள் பெயர் முதலில் வரப்போகிறது.

"சரி" என்கிறாள் கடைசியில். "அந்த ஏஜெண்டிடம் நான் பேசுகிறேன். என்ன ஆகும் என்று தெரியாது. நீயே சொன்னாய், அதை மட்டும் நான் மறக்க மாட்டேன்." மூச்சு விடுகிறாள். "வேறு ஏதாவது எனக்குத் தெரிய வேண்டியது இருக்கிறதா, வல்லி?" பூபாலன் இரண்டு எட்டு முன்னால் வருகிறான். தலையை ஆட்டுகிறான், வேண்டாம், வேண்டாம் என்று, சின்னப் பிள்ளைபோல. இனி என்னைப் பிடித்துவைக்க அவன் கையில் ஒன்றுமில்லை, அது அவனுக்கு இன்னும் தெரியாது. அவனுக்குப் பின்னால் திறந்த கதவு வழியாக அடுக்களை வெளிச்சம் படியில் விழுகிறது. அந்த வெளிச்சத்தில் அவன் அம்மா குனிந்து அரிசி மாவால் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார். குளிரில் மாவு விரலில் ஒட்டுகிறது போல, ஊதி ஊதிப் போடுகிறார். இழை இழுக்கிறார். ஒரு மூலை சரியாக வரவில்லை, அழித்துவிட்டு மறுபடி இழுக்கிறார். டோனா "வல்லி?" என்கிறாள். அந்தம்மா கோலத்தை முடித்து நிமிரட்டும் என்று காத்திருக்கிறேன். நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து, பார்த்து, திருப்தியாகி, என்னை நோக்கிக் கையசைக்கிறார். நானும் கையசைக்கிறேன்.

"இருக்கு, டோனா" என்கிறேன்.